டவுன்ஹால் கடையில் டஜனுக்கு நடந்த அநியாயம்

பாதிக்கப்பட்டவர் பெயர்: டஜன். வயசு: பல நூறு வருஷம். பூர்வீகம்: லத்தீன் பக்கம். பொறந்ததுல இருந்து பன்னெண்டாவே இருந்து, பன்னெண்டாவே பேர் வாங்குன ஒரு மானமுள்ள வார்த்தையை, போன சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் டவுன்ஹால்ல ஒரு வளையல் கடையில, என் கண்ணு முன்னாடியே பதிமூணாக்கிப் போட்டாங்க.

பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? நான் இருக்கல.

இருந்திருக்கலாம்.

அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். பத்து டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டு வரணும். மறுநாள் காலையில எங்க ஊட்டுல சுகன்யா அக்காவுக்கு வளைகாப்பு. வர்ற பொம்பளைங்க அறுவது பேர். கைக்கு ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு வளையல். மொத்தம் நூத்தியிருவது. அக்காவுக்குப் போடற வளையலை அம்மா போன வாரமே வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. அந்த வேலைக்கு என்னை நம்பல. இப்ப யோசிச்சா, அது சரியான முடிவு.

"கௌசி, எண்ணி வாங்கோணும். ஒண்ணு கூடக் குறையக் கூடாது, ஆமா!"

"சரிம்மா."

"காரமடைக்காரங்க முன்னால இன்னொருக்கா என்னால தலை குனிஞ்சு நிக்க முடியாது."

காரமடைக்காரங்கன்னா அக்காவோட மாமியார் ஊட்டுக்காரங்க. அக்கா கல்யாணத்துல கடைசிப் பந்தியில ஜாங்கிரி தீந்துபோச்சு. அந்தப் பந்தியில உக்காந்திருந்தது யாரு? மாமியார்! அவங்க கோவமா ஒரு வார்த்தை பேசல. சிரிச்சுக்கிட்டே, "பரவால்லீங்க சம்பந்தி, துளி சக்கரை இருந்தாலும் போதுங்க"ன்னாங்க.

எங்க ஊர் மரியாதை இருக்குதே, அது அடிச்சா சத்தமே கேக்காது. ஆனா தழும்பு போகாது. ரெண்டு வருஷமா அம்மா ஜாங்கிரியைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறாங்க.

இவ்வளவும் தெரிஞ்சுதான் நான் கெளம்புனேன். ஆனா என் மண்டைக்குள்ள வேற ஒண்ணு ஓடிட்டிருந்துது.

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம், ரெண்டாம் வருஷம். திங்கக்கிழமை எனக்கு செமினார். தினமும் பேசற சாதாரண வார்த்தை ஒண்ணை எடுத்து, அது எங்க பொறந்துது, என்னென்ன அர்த்தத்துல சுத்துதுன்னு சொல்லணும். சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. ஒருத்திக்குக் 'காதல்' வந்துது. ஒருத்திக்குப் 'பைத்தியம்' வந்துது. எனக்கு டஜன்.

முதல் நாள் அழுகையா வந்துது. மூணாவது நாள் டஜன் மேல எனக்குப் பாசமே வந்துருச்சு. லத்தீன்ல ரெண்டையும் பத்தையும் ஒட்டுக்காச் சேத்து ஒரு சொல்லாம். அது பிரெஞ்சுக்காரங்க வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு 'தூஸ்'னு ஆச்சாம். அதுக்கு ஒரு வால் முளைச்சு, கடலைத் தாண்டி இங்கிலீஷுக்குள்ள பூந்து, அங்கிருந்து கப்பலேறி நம்மூர் வாழைப்பழக் கடை வரைக்கும் வந்துருச்சு. இதுக்கு நடுவுல ஊதாரியாவும் ஆயிருச்சு. 'உனக்கு டஜன் தடவை சொல்லிட்டேன்'னு எங்கம்மா சொன்னா அது பன்னெண்டு இல்ல. நிறையன்னு அர்த்தம். பெரும்பாலும் ரெண்டு.

பேக்கரிக்காரர் டஜன்னும் ஒண்ணு உண்டு. அதைப் பத்திப் பொறவு சொல்றேன். இப்பச் சொன்னா எனக்கு நல்லதில்ல.

கடைக்கார அத்தா தொழுகைக்குப் போயிருந்தாங்க. அவங்க பொண்ணு ரிஸ்வானாதான் இருந்தாங்க. என் வயசுதான் இருக்கும். ஆனா கடைக்குள்ள காலை வெச்சதும் "வாங்க்கா"ன்னு எனக்கு அஞ்சு வயசு கூட்டிட்டாங்க. அங்கயே எனக்குச் சுருக்குனு இருந்துது.

பத்துக் கட்டுப் பச்சை வளையலை எடுத்து ஷோகேஸ் மேல அடுக்குனாங்க. நூல்ல இறுக்கிக் கட்டி, கட்டு ஒரு டஜன். நான் எண்ணுனேன்.

பதிமூணு.

அடுத்த கட்டு. பதிமூணு!

குறைஞ்சிருந்தா என்ன பேசணும்னு வர்ற வழியெல்லாம் நாலு வரி தயார் பண்ணிட்டு வந்திருந்தேன். எச்சா இருக்கும்னு நினைக்கவே இல்ல. தயார் பண்ணுன கோவத்தை எங்க கொண்டுபோயிக் கொட்டறது?

"ஏனுங்க, இதுல பதிமூணு இருக்குது."

"ஆமாங்க்கா."

"நான் கேட்டது டஜன்."

"இதாங்க்கா டஜன்."

"டஜன்னா பன்னெண்டுங்க!"

"பன்னெண்டுதானுங்க்கா. அந்த ஒண்ணு ஒடைசலுக்கு. கண்ணாடியாச்சே, போற வழியில ஒண்ணு போயிருமல்லங்க்கா? இங்க எண்ணறது கணக்கில்லீங்க. ஊட்டுல போயி எண்ணறதுதான் கணக்கு."

புத்தியுள்ள பொண்ணா இருந்தா "சரிங்க, ரொம்ப நன்றிங்க"ன்னு வாங்கிட்டு வந்திருப்பா. நான் தோள்பையைக் கழட்டி ஸ்டூல் மேல வெச்சேன். ஷோகேஸ்ல கையை ஊனுனேன்.

"அப்படி இல்லீங்க. டஜன்ங்கற வார்த்தை எங்கிருந்து வந்துதுன்னு தெரியுங்களா?"

"மொத்தக் கடையில இருந்துங்க்கா."

"லத்தீன்ல இருந்துங்க! ரெண்டு கூட்டல் பத்து. அதுக்குள்ளயே பன்னெண்டு உக்காந்திருக்குது. நீங்க பாட்டுக்கு அதுல இன்னொண்ணைச் சொருகக் கூடாது."

"குரோஸ் கணக்குல வாங்கறப்ப எங்களுக்கே ஒடைசலுக்குன்னு தனியாப் போட்டுத்தானுங்க அனுப்பறாங்க."

"குரோஸ்னா பன்னெண்டு டஜன். நூத்தி நாப்பத்தி நாலு. அதுக்கு மேல போட்டா அவங்களும் தப்பு!"

எனக்குப் பின்னாடி ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க. "அம்மணி, எனக்கு நாலு ஹேர்பின்னுதான் வேணும். லத்தீன் முடிஞ்சதும் சொல்லுங்க, எடுத்துக்கறேன்"ன்னாங்க.

ரிஸ்வானா அசரல. அவங்களுக்கும் என்னை மாதிரியே இந்த வியாதி இருக்குதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஹேர்பின்னை எடுத்துக் குடுத்துக்கிட்டே கேட்டாங்க:

"ஏனுங்க்கா, இந்த லத்தீன்காரங்க வளையலை வாங்கிட்டு பஸ்ல நின்னுட்டே போயிருக்காங்களா?"

ஹேர்பின் அம்மா சிரிச்சுட்டாங்க. அதோட என் கதை முடிஞ்சுது. சிரிப்புக்கு அப்புறம் விட்டுக்குடுக்கறது எங்க வம்சத்துலயே இல்ல.

இப்ப பேக்கரிக்காரர் டஜனைச் சொல்லிடறேன். இங்கிலீஷ்ல 'பேக்கரிக்காரர் டஜன்'னாலே பதிமூணுதான். அந்தக் காலத்துல ரொட்டி எடை குறைஞ்சா கடைக்காரருக்குத் தண்டனையாம். எதுக்கு வம்புன்னு பன்னெண்டு கேட்டா பதிமூணாக் குடுத்தாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. என் நோட்டுல ரெண்டாம் பக்கத்துல, நானே பச்சை மையில அடிக்கோடு போட்டு எழுதி வெச்சது. நோட்டு அந்த ஸ்டூல் மேல இருந்த பையிலதான் இருந்துது.

வாதம் பண்றவளுக்குத் தெரியும், எந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாதுன்னு.

"எனக்குப் பன்னெண்டுதான் வேணும். எச்சா இருக்கறதை எடுத்துருங்க."

"பத்துக் கட்டுலயுங்களா?"

"பத்துலயும்."

"எச்சாக் குடுத்ததுக்குச் சண்டை போடற மொத ஆளு நீங்கதானுங்க்கா."

"இது கொள்கைங்க."

பத்து முடிச்சை அவுத்து, பத்து வளையலை உருவி, பத்து முடிச்சைத் திருப்பிப் போட்டாங்க. கால் மணி நேரம் ஆச்சு. உருவுன பத்தும் ஷோகேஸ் மேல வரிசையா நின்னு என்னையே பாத்துது. ரிஸ்வானா குனிஞ்சு என்னமோ பண்ணுனாங்க, பைக்குள்ள அடியில ஒரு தட்டையான அட்டைப்பெட்டியை வெச்சாங்க, அதுக்கு மேல கட்டுகளை அடுக்குனாங்க. பை சாயாம நிக்கறதுக்காக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

"எண்ணிக்கோங்க்கா, கட்டுக்குப் பன்னெண்டு. பத்திரமாப் போங்க."

அந்தப் 'பத்திரமா'வுல ஒரு அழுத்தம் இருந்துது. ஜெயிச்ச மயக்கத்துல எனக்குக் கேக்கல.

காந்திபுரத்துல கருமத்தம்பட்டி பஸ் ஏறுனேன். உக்கார இடமில்ல. ஜன்னலோரம் உக்காந்திருந்த ஒரு அக்கா, நம்மூர் வழக்கப்படி கையை நீட்டுனாங்க.

"குடுங்க அம்மணி, மடியில வெச்சுக்கறேன்."

குடுத்தேன். குடுத்துட்டு என்ன பண்ணுனேன்? ஒரு கையில கம்பியப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில போனை வாய்கிட்ட வெச்சு, என் சிநேகிதி தீபாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனேன். நாலு நிமிஷம். "அந்தப் பொண்ணுக்குப் பதிலே வரலடி! லத்தீன்ல போட்டேன் பாரு ஒரு போடு!"

நான் இப்படி உலகத்துக்கு நியாயம் சொல்லிட்டிருந்த நேரத்துல, பஸ்ல கூட்டம் ஏறி, கீழ வெச்சிருந்த அந்த அக்காவோட பை மிதிபட ஆரம்பிச்சிருக்குது. அவங்க அதைத் தூக்கி என் பை மேல வெச்சுக்கிட்டாங்க. நீலாம்பூர் பக்கத்துல குறுக்க ஒரு ஸ்கூட்டர் வர, டிரைவர் பிரேக்கை ஒரு மிதி மிதிச்சாரு.

கறுக்.

அந்த அக்கா திடுக்குனு என்னைப் பாத்தாங்க.

"அம்மணி, உங்க பையில என்னுங்க, முறுக்குங்களா?"

"வளையலுங்க!"

"அடக் கடவுளே! சொல்லியிருக்கலாமல்லொ கண்ணு!"

"உங்க பையில என்னங்க?"

"கிரைண்டர் கல்லு. கொத்தறதுக்குக் குடுத்திருந்தேன், வாங்கீட்டு வாரேன்."

கோயம்புத்தூர்ல பொறந்தவளுக்குக் கிரைண்டர் கல்லாலதான் சாவுன்னு எழுதியிருந்தா யாரால மாத்த முடியும்?

நான் முழிச்ச முழியைப் பாத்து அந்த அக்காவுக்கே மனசு கேக்கல. "அழுவாதீங்க அம்மணி. கண்ணாடி வளையலுக்கு ஒடைசலுக்குன்னு எச்சா ஒண்ணு போட்டிருப்பாங்களே, சரியாப் போயிரும்"ன்னாங்க.

"வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க."

"ஏனுங்க?"

"டஜன்னா... பன்னெண்டுங்க."

அந்த அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்புறம் ஜன்னலுக்கு வெளியில பாத்தாங்க. கணியூர்ல இறங்கறப்ப, "நல்லாப் படிங்க கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஊட்டுக்கு வந்து கட்டுகளை எல்லாம் எடுத்துப் பாய் மேல வெச்சு எண்ணுனோம். ஒன்பது கட்டுல ஓரத்து வளையல் ஒண்ணொண்ணு போயிருந்துது. ஒரே ஒரு கட்டு மட்டும் முழுசா இருந்துது, அதுவும் என்னை வெறுப்பேத்தறதுக்காகவே இருந்த மாதிரி இருந்துது. நூத்திப் பதினொண்ணு. அம்பத்தஞ்சு பேருக்கு ஜோடி. அஞ்சு பேருக்கு இல்ல.

நடந்ததைச் சொன்னேன். லத்தீனைச் சுருக்கித்தான் சொன்னேன்.

அம்மா திட்டுனா தாங்கியிருப்பேன். திட்டல. பாய் மேல அப்படியே உக்காந்துட்டாங்க.

"துளி சக்கரை இருந்தாலும் போதும்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா தலை நிமிர இருந்த ஒரே ஒரு நாள். அதை நான் கொள்கைக்காக ஷோகேஸ் மேல வெச்சுட்டு வந்திருக்கேன்.

அப்பா அவர் பங்குக்கு, தறி ஓடற சத்தத்துக்கு மேல ஒரு குரல் குடுத்தாரு: "நூறு மீட்டரு துணி கேட்டா நாங்களே சுருங்கறதுக்குன்னு எச்சா ஓட்டித்தான் குடுக்கறோம். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வேண்டாம்னு திருப்பிக் குடுத்ததில்ல அம்மணி."

கருமத்தம்பட்டியில இருக்கற ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடுனேன். வளையல் இருந்துது. அதே பச்சை இல்ல. அம்பத்தஞ்சு பேருக்கு ஒரு பச்சை, அஞ்சு பேருக்கு வேற பச்சைன்னா, அந்த அஞ்சு பேர்ல ஒருத்தங்க மாமியாரா இருந்தா, அது ஜாங்கிரியை விடப் பெரிய வரலாறாயிரும்.

வேற வழியில்ல. பையில அச்சடிச்சிருந்த கடை நம்பருக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, மத்தியானம் வந்திருந்தேனுங்க..."

"டஜனக்காங்களா?"

பேரே வெச்சுட்டாங்க!

"ஆமாங்க."

"எத்தனை ஒடைஞ்சுதுங்க்கா?"

"ஒடைஞ்சுதுன்னு நான் சொல்லவே இல்லையே?"

"பின்ன, வளையல் நல்லா இருக்குதுன்னு சொல்லறதுக்கா யாராச்சும் போன் பண்ணுவாங்க?"

நான் ஒரு நிமிஷம் கொள்கையை நினைச்சேன். அப்புறம் பாய் மேல உக்காந்திருக்கற அம்மாவைப் பாத்தேன்.

"ஒன்பதுங்க. அந்தப் பத்தையும் வித்துட்டீங்களா? இருந்தா எடுத்து வைங்க. இப்பவே பஸ் ஏறி வாரேன். நான் பேசுனது தப்புதான்."

என் வாழ்நாள்ல இந்தக் கடைசி வாக்கியத்தை முழுசாச் சொன்னது அன்னிக்குத்தான். அக்கா உள்ள இருந்து எட்டிப் பாத்தா, ஒடம்புக்கு முடியலையான்னு.

"பஸ்ஸெல்லாம் வேண்டாங்க்கா. பைக்குள்ள அடியில அட்டைப்பெட்டி இருக்குதல்ல, அதைத் திறந்து பாருங்க."

பை ஓரத்துல சுருண்டு கிடந்துது. அடியில கையை விட்டேன். பெட்டி இருந்துது. திறந்தேன். மேல பஞ்சு. கீழ பஞ்சு. நடுவுல பத்துப் பச்சை வளையல், ஒண்ணுல கூடக் கீறல் இல்லாம, கிரைண்டர் கல்லையே ஜெயிச்சுட்டுப் படுத்திருந்துது.

அம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க. எனக்கும் நிம்மதியில கண்ணு கலங்குச்சு. ஆனா பாருங்க, அந்த நிம்மதி முழுசா வர்றதுக்குள்ள இன்னொண்ணு முந்திக்கிட்டு வந்துருச்சு.

"ஏனுங்க! நான்தான் வேண்டாம்னு சொன்னேனே? அப்புறம் எப்படி வெக்கலாம்?"

"டஜன்ல வேண்டாம்னு சொன்னீங்க்கா, எடுத்துட்டேன். பையில வேண்டாம்னு நீங்க சொல்லவே இல்லையே?"

எம்.ஏ. ரெண்டாம் வருஷம். பேச்சுப் போட்டியில வாங்குன கோப்பை அலமாரியில ஆறு. "சரிங்க, ரொம்ப நன்றிங்க"ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை காரமடைக்காரங்க வேன்ல வந்து இறங்குனாங்க. அக்கா ரெண்டு கையும் நிறைய வளையலோட, நகர முடியாம, சிரிச்சுட்டே உக்காந்திருந்தா. வந்தவங்க ஒருத்தர் விடாம ஆளுக்கு ரெண்டு பச்சை வளையல். அறுவது பேருக்கும் போட்டு முடிச்சப்ப தட்டுல ஒண்ணே ஒண்ணு மிச்சம். அம்மாவோட அறுவதுல பெத்த பொண்ணு என்னைச் சேக்க மறந்துட்டாங்கங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது. அந்த ஒத்தை வளையலை என் வலது கையில மாட்டி விட்டாங்க.

மாமியார் மெதுவாப் பக்கத்துல வந்தாங்க. "ஏனுங்க சம்பந்தி, எல்லாத்துக்கும் பத்துச்சுங்களா?"

எங்கம்மா ரெண்டு வருஷமாக் காத்திருந்த கேள்வி. பதில் பேசறதுக்கு முன்னாடியே என் கையைப் புடிச்சு, கோர்ட்ல சாட்சி காட்டற மாதிரி மேல தூக்குனாங்க.

"மிச்சமே ஆகிப்போச்சுங்க சம்பந்தி!"

அன்னிக்கு மத்தியானப் பந்தியில ஜாங்கிரியும் இருந்துது. அம்மா ரெண்டு சாப்பிட்டாங்க.

திங்கக்கிழமை செமினார். அந்த ஒத்தை வளையலோடவே போனேன். லத்தீனைச் சொன்னேன். பிரெஞ்சுக்காரங்க தேச்சதைச் சொன்னேன். இந்தத் தடவை ரெண்டாம் பக்கத்தைத் தாராளமாத் திறந்து, பேக்கரிக்காரர் டஜனையும் சொன்னேன். கடைசியா நோட்டுலயே இல்லாத ஒண்ணைச் சேத்துக்கிட்டேன்: டவுன்ஹால் வளையல் கடை டஜன். பின்வரிசையில தீபா சிரிப்பை அடக்க முடியாம பெஞ்சுக்கு அடியில குனிஞ்சுக்கிட்டா. அந்த நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் இன்னும் அவ போன்ல இருக்குது. அழிக்கச் சொன்னா, அதுக்கும் கொள்கை இருக்குதுங்கறா.

மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடியைக் கழட்டுனாங்க.

"எல்லாம் சரிம்மா கௌசல்யா. இத்தனை பேசுனதுக்கு அப்புறம் ஒரே கேள்வி. டஜன்னா எத்தனை?"

"கடையில பதிமூணு, ஊட்டுக்கு வந்தா பன்னெண்டுங்க மேடம்."